ஒரு யூனிட் 24,000 ரூபாய்: ஆரணித் தறிவீட்டின் டார்ச் கணக்கு

தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் விலையில்லாமல் கிடைக்கிறது. 2023-இல்தான் அது 200-இலிருந்து 300 ஆனது. ஆரணியில் அப்படி 300 யூனிட்டை இலவசமாகப் பெறும் ஒருவர், கரண்ட் போனால் உதவும் என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் ஒரு டார்ச்சும் மூன்று சின்ன பென்சில் செல்லும் வாங்குகிறார். அந்த செல்லிலிருந்து வரும் மின்சாரத்துக்கு அவர் கொடுக்கும் விலை, யூனிட்டுக்குச் சுமார் 24,000 ரூபாய்.

எப்படி என்றால், சாதாரண துத்தநாக-கரி வகை ‘ட்ரிபிள் ஏ’ செல் ஒன்றிலிருந்து கறக்க முடிவது ஏறத்தாழ அரை வாட்-மணி. ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. ஆக 2,000 செல் வேண்டும். செல் 12 ரூபாய் என்று வைத்தால் 24,000. இந்தக் கட்டுரையில் வரும் கடை விலைகள் எல்லாம் கணக்குக்காக எடுத்துக்கொண்ட சுமார் விலைகள். உங்கள் கடையில் செல் 10 ரூபாயோ 15 ரூபாயோ, அதைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். தொகை மாறும், சங்கதி மாறாது.

ஜரிகையில் அரை சதவீதம் தங்கம், 40 சதவீதம் வெள்ளி என்று கணக்குப் பார்க்கும் தொழில் ஆரணியின் பட்டு நெசவு. பட்டு நூலைக் கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுத்து, நெய்த சேலையையும் நிறுத்து வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் டார்ச்சை மட்டும் “எத்தனை லைட்டு இருக்குது?” என்று கேட்டு வாங்குவதுதான் எனக்குப் புரியவில்லை.

எத்தனை லைட்டு என்பதிலிருந்தே தொடங்குவோம். “அண்ணே, அது ஒன்பது லைட்டு, இது பன்னண்டு. இருபது ரூபாதான் கூட” என்பார் கடைக்காரர். பல புள்ளிகள் கொண்ட மலிவு டார்ச்சில் இருப்பது 5 மில்லிமீட்டர் எல்இடி. அது இயல்பாக எடுக்கும் மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர், மின்னழுத்தம் 3.2 வோல்ட் அளவு. பெருக்கினால் ஒன்றுக்கு 0.064 வாட். ஒன்பதுக்கு 0.6 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. மேலட்டையில் 5 வாட், 10 வாட் என்று போட்டிருந்தால் இந்தப் பெருக்கலை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தின் மொத்த அளவைச் சொல்லும் லூமனில் பார்த்தால், ஒன்றுக்கு நாலு லூமனுக்குக் கொஞ்சம் மேல் வைத்து, ஒன்பதுக்கும் சேர்த்து 40 லூமன். இது கேவலமான அளவு இல்லை. அந்தக் காலத்து இரண்டு கட்டை டார்ச்சின் குண்டு பல்பு 1.2 வாட்டைத் தின்று 10 லூமன்தான் கொடுத்தது. பாதி மின்சாரத்தில் நாலு மடங்கு வெளிச்சம். வெள்ளை எல்இடிக்கு வழிவிட்ட நீல எல்இடிக்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கொடுத்தது சும்மா இல்லை.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குப் போனால்? வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் கண் அப்படிக் கூட்டுவதில்லை. ஹார்வர்டு உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1950-களில் அளந்து காட்டியபடி, இருட்டில் ஒரு பரப்பின் பிரகாசத்தைக் கண் ஏறத்தாழ அதன் கனமூலமாகத்தான் உணர்கிறது. 12-ஐ 9-ஆல் வகுத்தால் 1.33. அதன் கனமூலம் 1.10. உங்கள் கண்ணுக்குப் பத்து சதவீதம்தான் கூடுதல். செல்லோ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் காலியாகும். அந்த இருபது ரூபாயை நான் கொடுக்க மாட்டேன்.

அடுத்தது லூமன். இணையக் கடைகளில் ‘1,00,000 லூமன்’ என்று விற்கும் கையடக்க டார்ச் உண்டு. வாட்டுக்கு 150 லூமன் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஒரு லட்சம் லூமனுக்கு 667 வாட் வேண்டும். உள்ளே இருப்பது 2,500 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட ஒற்றை லித்தியம் செல் என்றால் அதன் இருப்பு 9.25 வாட்-மணி. 50 விநாடியில் தீர்ந்துவிடும். அதற்கு முன்பே கையில் பிடித்திருப்பது இஸ்திரிப் பெட்டிபோல் சுட்டிருக்கும்.

நேர்மையாக அளக்க ஒரு முறை இல்லாமல் இல்லை. அமெரிக்கக் கைவிளக்குத் தரமான எஃப்எல்-1 முதலில் 2009-இல் வந்தது. போட்ட நொடியில் தெரியும் பளிச்சை அது கணக்கில் எடுப்பதில்லை. 30 விநாடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில் அளப்பதே வெளிச்சம். எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கும் ஒரு வரையறை வைத்திருக்கிறது: ஒளி 0.25 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்) ஆகக் குறையும் இடம், அதாவது முழு நிலவின் வெளிச்சம் அளவு. ஒளி ஒரு திசையில் எவ்வளவு குவிகிறது என்பதைச் சொல்லும் கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர் வந்துவிடும். நம் ஒன்பது லைட் டார்ச்சில் ஒவ்வொரு எல்இடியும் 20 கேண்டெலா என்று வைத்தால் மொத்தம் 180. வர்க்கமூலம் 13.4. எட்டும் தூரம் 27 மீட்டர். ‘2 கி.மீ.’ என்று எழுதியிருந்தால் அதற்குப் பத்து லட்சம் கேண்டெலா தேவை என்பதையும் இதே சூத்திரம் சொல்லும்.

எஃப்எல்-1 தரத்திலும் வாங்குபவர் கவனிக்க வேண்டிய ஒரு சந்து இருக்கிறது. எரியும் நேரம் என்று அது சொல்வது, வெளிச்சம் தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஆகும் நேரம். ‘8 மணி நேரம்’ என்று போட்ட 300 லூமன் டார்ச் எட்டாவது மணியில் 30 லூமனில் முனகிக்கொண்டிருக்கலாம். பொய் சொன்னதாகவும் ஆகாது.

இனி தறிக்கு வருவோம். இங்கேதான் எல்லாக் கணக்கும் மாறுகிறது.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதை நெய்பவர் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, எதிரே விரிந்த பாவைப் பார்க்கிறார். 20/22 டெனியர் இழை இரண்டைச் சேர்த்து முறுக்கினால் தடிமன் சுமார் 0.07 மில்லிமீட்டர். சேலை அகலம் 48 அங்குலம். அங்குலத்துக்கு நூறு இழை என்று வைத்தாலே 4,800 இழை. இதில் ஒன்று அறுந்தால் அதைத் தேடிப் பிடித்து, விழுதிலும் அச்சிலும் கோத்து முடிச்சுப் போட வேண்டும். ஐரோப்பியப் பணியிட ஒளித்தரம் ஈஎன் 12464 நெசவுக்கு 500 லக்ஸ் கேட்கிறது. துணியின் நிறம் பார்க்க 1,000, அறுந்தது தெரியாமல் இழை கோத்துச் சரிசெய்ய 1,500.

ஒன்பது லைட் டார்ச்சை 40 சென்டிமீட்டரில் பிடித்தால் நடுவில் விழுவது 180-ஐ 0.16-ஆல் வகுத்த அளவு, அதாவது 1,125 லக்ஸ். போதுமே என்று தோன்றும். ஆனால் 30 பாகை விரியும் அந்த ஒளி பாவின் மேல் போடும் வட்டம் 21 சென்டிமீட்டர்தான். பாவின் அகலம் 122. மீதி ஒரு மீட்டர் இருட்டில் கிடக்கும், பளிச்சென்ற வட்டத்தைப் பார்த்த கண்ணுக்கு இன்னும் இருட்டாகத் தெரியும். போதாக்குறைக்கு ஒரு கை டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒற்றைக் கையால் 0.07 மில்லிமீட்டர் இழையில் முடிச்சுப் போடுபவர் யாராவது இருந்தால் அவருக்கு டார்ச்சே வேண்டாம்.

தறி மேல் 122-க்கு 50 சென்டிமீட்டர் பரப்பு, அதாவது 0.61 சதுர மீட்டர், முழுவதும் 500 லக்ஸ் வேண்டும் என்றால் 305 லூமன் அங்கே வந்து விழ வேண்டும். வாட்டுக்கு 100 லூமன் என்ற கணக்கில் 3 வாட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தி மதியம் 2 மணிக்குக் கொடுத்தால் 5 மணி நேரம், 15 வாட்-மணி. 2,500 அளவுள்ள லித்தியம் செல் இரண்டு. ட்ரிபிள் ஏ என்றால் 30 செல், 360 ரூபாய், ஒரே காலைப்பொழுதுக்கு. 2012-இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்தது. அந்த ஆண்டை இந்த விலையில் பெருக்கிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே தறிக்கு டார்ச் தேடுவதே தவறு என்பது என் கட்சி. கரண்ட் போனதும் தானே எரியும் இன்வெர்ட்டர் பல்பு இப்போது எல்லாக் கடையிலும் இருக்கிறது. உள்ளே 2,200 மில்லி ஆம்பியர்-மணி செல் என்றால் இருப்பு 8 வாட்-மணி. ‘4 மணி நேரம்’ என்று போட்டிருந்தால் கரண்ட் இல்லாதபோது அது 2 வாட்டில்தான் எரிகிறது, மேலட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் 9 வாட்டில் அல்ல. 200 லூமனை ஒரு கவசம் போட்டு அப்படியே தறிக்குத் திருப்பினால் 330 லக்ஸ் வரை கிடைக்கும். 500 இல்லைதான், ஆனாலும் இரண்டு கையும் சும்மா இருக்கும். இரண்டு பல்பு போட்டால் கணக்கு நேராகிவிடும். ஜக்கார்டு பெட்டிக்கு மேலே ஏறிப் பார்க்கவும், குழிக்குள் மிதிகட்டைப் பக்கம் தேள் கிடக்கிறதா என்று பார்க்கவும் நெற்றியில் கட்டும் விளக்கு நல்லது.

நிறம் பற்றி ஒன்று. மலிவு வெள்ளை எல்இடியின் ஒளியில் நீலம் தூக்கலாக இருக்கும், ஆழ்ந்த சிவப்பு குறைவாக இருக்கும். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கு 100-க்கு மதிப்பெண் போடும் சிஆர்ஐ என்ற அளவில் இது 70 பக்கம் நிற்கும். நிறம் பார்க்கும் இடத்துக்கு மேலே சொன்ன ஐரோப்பியத் தரம் கேட்பது 90. அரக்கு பழுப்பாகத் தெரியும், கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். மயில்கழுத்து போன்ற இரட்டைச் சாயலில் ஊடையின் நிறம் ஏமாற்றிவிடும். உடலுக்குக் கரை பொருந்துகிறதா என்பதை டார்ச்சில் பார்த்து முடிவு செய்தால், அந்தப் பிழையின் விலை டார்ச் விலையாக இருக்காது, சேலை விலையாக இருக்கும். சிஆர்ஐ 90 என்று போட்ட விளக்கு அதே வாட்டுக்குக் கொஞ்சம் குறைந்த லூமன் தரும். பட்டு வீட்டில் அந்தப் பேரம் லாபம்தான்.

டார்ச்சுக்கு உரிய இடம் தெரு. அங்கே மலிவு டார்ச்சும் தாராளமாகப் போதும். 180 கேண்டெலா பத்து மீட்டர் தூரத்தில் 1.8 லக்ஸ் தருகிறது, ஏழு முழு நிலவு. மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடப்பவர் அந்தப் பத்து மீட்டரைக் கடக்க ஏழு விநாடி ஆகும். கமண்டல நாகநதிக் கரைப் பக்கம் வழியில் எது கிடந்தாலும் பார்த்து நிற்க அந்த நேரம் போதும்.

கடையில் எப்படிப் பார்ப்பது? ட்யூப்லைட் எரியும் கடையில் எந்த டார்ச்சும் மங்கல், இருட்டறையில் எந்த டார்ச்சும் பிரமாதம். அதனால் ஒன்றை மட்டும் பார்க்காமல் இரண்டை ஒப்பிட வேண்டும். போனில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றை ஏற்றிக்கொள்ளுங்கள். அது காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஒப்பிடுவதற்குக் குறையில்லை. கடையின் உள்ளறையில் விளக்கை அணைத்துவிட்டு, போனைக் கீழே மல்லாத்தி வைத்து, டார்ச்சைக் கூரை நோக்கிப் பிடியுங்கள். கூரையில் பட்டுத் திரும்பி வரும் ஒளி மொத்த லூமனைக் காட்டிக்கொடுக்கும். பிறகு போனைச் சுவரில் சாய்த்து வைத்து, ஒரு மீட்டர் தூரத்திலிருந்து நேரே அடித்தால் குவியம் தெரியும், ஒரு மீட்டரில் லக்ஸும் கேண்டெலாவும் ஒரே எண்தான். கூரையில் தோற்று சுவரில் ஜெயிக்கும் டார்ச் தெருவுக்கு, மாறினால் வீட்டுக்கு.

போட்ட உடனே ஒரு முறை அளந்ததோடு விட்டுவிடாதீர்கள். பத்து நிமிடம் கல்லா மேல் எரியவிட்டு மறுபடி அளங்கள். மலிவு டார்ச் பலவற்றில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுற்றே கிடையாது. புது செல் மூன்றின் 4.5 வோல்ட்டை நேரே எல்இடி மேல் ஏற்றுவார்கள், எல்இடிக்கு வேண்டியது 3.2. அதனால் முதல் நிமிடம் கல்யாணப் பந்தலாக இருக்கும். செல் இறங்க இறங்க வெளிச்சமும் கூடவே இறங்கும். பத்து நிமிடத்தில் எண் பாதியானால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் அவருக்கு டீ ஒன்று வாங்கிக் கொடுங்கள், அந்தச் செலவும் இந்தக் கணக்கில் அடக்கம்.

பொத்தான் விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. ஒரே பொத்தானில் பெரிது, நடுத்தரம், சிறிது, சிமிட்டல், எஸ்ஓஎஸ் என்று ஐந்து நிலை வைத்த டார்ச்சை அணைக்க, பெரிதில் தொடங்கியவர் இன்னும் ஐந்து முறை அழுத்த வேண்டும். போட்டு அணைக்க மொத்தம் ஆறு அழுத்தம். நாளுக்குப் பத்து முறை எடுத்தால் 60, ஒரே நிலை உள்ள டார்ச்சில் அது 20. ஆண்டுக்கு 21,900-க்கு எதிராக 7,300. டார்ச்சில் முதலில் சாவது பெரும்பாலும் பொத்தான்தான் என்பதால் இது வெறும் எரிச்சல் கணக்கு இல்லை. சிமிட்டல் யாருக்கு? ஆரணியில் கப்பலுக்கு எஸ்ஓஎஸ் அடிக்கும் தேவை இன்னும் வரவில்லை. இரண்டு நிலை, மிஞ்சினால் மூன்று. நீண்ட அழுத்தலில் எந்த நிலையிலிருந்தும் அணைய வேண்டும். கடைசியாக விட்ட நிலையை நினைவில் வைத்திருந்தால் இன்னும் நல்லது. கஞ்சி ஈரம் பட்ட கட்டைவிரலால் கண்ணை மூடிக்கொண்டு போட முடிகிறதா என்று பாருங்கள், கரண்ட் போன இருட்டில் அப்படித்தான் தேடப்போகிறீர்கள்.

தொட்டால் எரியும் மின்னணுப் பொத்தான் அணைந்திருக்கும்போதும் கொஞ்சம் உறிஞ்சும். 50 மைக்ரோ ஆம்பியர் என்றால் ஆண்டின் 8,760 மணி நேரத்தில் 438 மில்லி ஆம்பியர்-மணி, கிட்டத்தட்ட ஒரு ட்ரிபிள் ஏ செல்லின் முழு இருப்பு. ‘டக்’ என்று விழும் பழைய பொத்தானில் இது பூஜ்யம். டார்ச்சைக் குறைந்த வெளிச்ச நிலையில் வைத்து போன் கேமராவிலும் பாருங்கள், திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் விளக்கு வேகமாக அணைந்து எரிகிறது என்று அர்த்தம். ஓடும் நாடாவை அந்த ஒளியில் பார்த்தால் விட்டுவிட்டுத் தெரியும்.

சுவரில் செருகி சார்ஜ் ஏற்றும் டார்ச்சை இரண்டாகப் பிரிக்க வேண்டும். மடக்கும் இரண்டு முள் கொண்ட 200 ரூபாய் வகையில் பெரும்பாலும் 4 வோல்ட் ஈய-அமில பேட்டரி இருக்கும். அரை ஆம்பியர்-மணி என்றால் 2 வாட்-மணி. காலியான நிலையில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து செத்துப்போகும். விலை குறைக்க உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், மின்தேக்கி ஒன்றின் வழியாக 230 வோல்ட்டை நேரே இறக்கியிருப்பார்கள். சார்ஜில் இருக்கும்போது அதைத் தொடவோ எரியவிடவோ கூடாது, ஈரக்கையோடு கிட்டவே போகக் கூடாது.

இன்னொன்று 18650 செல் வகை: விட்டம் 18, நீளம் 65 மில்லிமீட்டர். இங்கே ஏமாற்று செல்லிலேயே இருக்கிறது. ‘9,900’ என்று அச்சடித்த செல் உண்மையென்றால் இருப்பு 36.6 வாட்-மணி. எடை 46 கிராம் என்று வைத்தால் கிலோவுக்குச் சுமார் 800 வாட்-மணி. உலகத்தின் நல்ல செல்கள் 250-300-இல் நிற்கின்றன. அசல் செல் பெரும்பாலும் 45 கிராம் அளவில் இருக்கும், போலி பல சமயம் 30 பக்கம்தான் காட்டும். இதற்கு ஆய்வகம் தேவையில்லை. ஆரணியில் எந்தப் பட்டு நூல் கடையிலும் கிராம் தராசு இருக்கிறது, செல்லைக் கழற்றி வைத்துப் பாருங்கள். ரீசார்ஜ் செல்லில் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம்.

கடைசியாக மூன்று வருடக் கணக்கு. நாளுக்குப் பத்து நிமிடம், 0.6 வாட். ஆண்டுக்கு 61 மணி நேரம், 36.5 வாட்-மணி.

ஒன்பது லைட், ட்ரிபிள் ஏ: டார்ச் 100 ரூபாய். ஆண்டுக்கு 73 செல், மூன்று ஆண்டில் 219 செல், 2,628 ரூபாய். மொத்தம் 2,728.

செருகும் ஈய-அமில வகை: ஆண்டுக்கு ஒன்று என்று வைத்தால் மூன்று டார்ச், 600 ரூபாய்.

18650 வகை: செல்லோடு 500 ரூபாய், இடையில் மாற்று செல் ஒன்று 250. மொத்தம் 750. மூன்று ஆண்டு சார்ஜுக்கு ஆகும் மின்சாரம், இழப்பு 30 சதவீதத்தையும் சேர்த்து, 0.16 யூனிட்.

மிக மலிவு ஈய-அமிலம்தான், மறைக்கவில்லை. ஆனால் முழு வெளிச்சத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் அதனால் தாங்க முடியாது. மூன்று டார்ச்சும் குப்பைக்குப் போகும்போது உள்ளே ஈயமும் போகும். 150 ரூபாய் கூடக் கொடுத்தால் நாலரை மடங்கு இருப்பு, அவசரத்துக்கு 300 லூமன், செல்லை மாற்றிக்கொள்ளும் வசதி. நான் வாங்குவதாக இருந்தால் இதைத்தான் வாங்குவேன்: கழற்றக்கூடிய 18650 செல், 45 கிராமுக்குக் குறையாத எடை, இரண்டு அல்லது மூன்று நிலை, டக்கென்ற பொத்தான். தறிக்கு மேல் தனியாக இரண்டு இன்வெர்ட்டர் பல்பு. செல்லைக் கழற்ற விடாத டார்ச்சை எந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.